தொட்டில் கொக்கியில் ஒரு சொட்டு

தர்மராஜ் எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். லாபு பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர்களுக்கென்று கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்றில் குடியிருந்துகொண்டு, நீலாயில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். விடிந்ததும் கையில் மரச்சுத்தியோடு பஸ்ஸைச் சுற்றி வந்து டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டுவார். தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். பாசார் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டுவார், தேங்காயைத் தட்டுவார். மகள் ரதிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன இடத்தில், உட்காரச் சொன்ன நாற்காலியையே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"நல்ல வேளை, மாப்பிள்ளையோட தலையத் தட்டிப் பாக்கல" என்று அவர் மனைவி லோகேஸ்வரி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சுத்தியை நம்பித்தான் இத்தனை வருடம் பஸ் ஓடியது. ஒருநாளும் நடுரோட்டில் நின்றதில்லை. மனுஷன் பொய் சொல்லுவான், சத்தம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கே சோதனை வந்தது, ஒரு புயல்காற்றுக்குப் பிறகு.

சாயங்காலம் செம்பனைக் காட்டுப் பக்கமிருந்து கிளம்பிய காற்று அது. கோயில் திடலில் போட்டிருந்த கூடாரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் மரங்களுக்கு நடுவே போட்டது. கோடி வீட்டுக் கூரை அப்படியே பெயர்ந்து சாலையில் கிடந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மாவின் கோழிக்கூடு எங்கே போனதென்று இன்னும் தெரியாது. தர்மராஜ் வீட்டுத் தகரக் கூரை மட்டும் ஒன்றும் ஆகாமல் அப்படியே இருந்தது. காற்று நின்றதும் லோகேஸ்வரி சாமி அறைக்குப் போய் அம்மன் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கண்ணீர் விட்டாள். தர்மராஜுக்கு அந்தக் கண்ணீரோடு மனசு நிற்கவில்லை. ஏணியைச் சாய்த்தார், செருப்பைக் கழற்றினார், சுத்தியோடு ஏறினார். கால் வைக்கத் தகுந்த இடமெல்லாம் கால் வைத்து, தகரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒன்னும் இல்ல லோகா. மணி மாதிரி இருக்கு."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

ரதிக்கு அப்போது ஏழாவது மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவாள் என்று எப்போதோ பேசி முடிவானது. லோகேஸ்வரிக்கு அது வெறும் வழக்கமில்லை. ரதி பிறந்தபோது லோகேஸ்வரிக்குப் போவதற்குத் தாய்வீடே இல்லை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை பெற்ற உடம்போடு மாமியார் முகத்தைப் பார்த்துப் பார்த்து வெந்நீர் கேட்டவள் அவள். எனக்கு இல்லாதது என் மகளுக்கு இருக்கணும் என்ற ஒரே வைராக்கியத்தில் பின்னறைக்குச் சாயம் அடித்தாள், புதுத் திரை தைத்தாள். சீலிங் பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்க்கும் பழைய தொட்டில் கொக்கியைத் துரு போகத் தேய்த்துவைத்தாள். மேலே ஓடும் கூரைச் சட்டத்தில் அடித்த கொக்கி அது. ரதி ஆடியதும் அதில்தான்.

வளைகாப்புக்கு முந்தின வாரம் சம்பந்தி வள்ளியம்மா அறையைப் பார்க்க வந்தார். சிரம்பானில் அடுக்குமாடி வீட்டுக்காரர். அவருக்குக் கூரை என்றால் மேல்வீட்டுக்காரனின் தரை. நல்ல மனுஷிதான், ஆனால் எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். அதனால்தான் அவர் சொல்வது இன்னும் சுருக்கென்று தைக்கும். அன்றைக்கு வெளியே காற்றும் மழையும். பட்டுச்சேலையோடு கொக்கிக்கு நேர் கீழே நின்று, "நல்லா இருக்கு, காத்தோட்டமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொக்கியின் முனையில் ஒரு சொட்டு திரண்டது. லோகேஸ்வரி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது சம்பந்தியம்மாவின் தோளில் விழுந்தது.

வள்ளியம்மா அண்ணாந்து பார்த்தார். சிரித்தார்.

"பரவாயில்ல சம்பந்தி. ரதி எங்க வீட்டிலயே இருக்கட்டும்லா. உங்களுக்கும் சிரமம் இல்ல."

அன்றைக்கு இராத்திரி லோகேஸ்வரி சாப்பிடவில்லை. தர்மராஜும் சாப்பிடவில்லை, ஆனால் வேறு காரணத்துக்கு. அவருக்குப் புரியவில்லை. மணி மாதிரி இருந்த கூரையிலிருந்து தண்ணீர் எப்படி வரும்?

மறுநாள் மறுபடி ஏறினார். பின்னறைக்கு மேலே இருந்த தகரங்களைச் சாண் சாணாகத் தட்டினார். சத்தம் சுத்தமாக இருந்தது. இறங்கிவந்து கொக்கிக்குப் பக்கத்துச் சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, சட்டத்தைத் தட்டினார். சமையலறைப் பக்கம் "டங்" என்றது. சாமி அறைப் பக்கம் "தொப்" என்றது.

"மரம் ஈரமா இருக்கா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள் கீழே நின்ற லோகேஸ்வரி.

"இருக்கு. ஆனா மேல காய்ஞ்சிருக்கு. இருக்கக்கூடாது. ஆனா இருக்கு."

"இதுவா ஒரு வார்த்தை?"

மம்பாவில் பட்டறை வைத்திருக்கும் நல்லசாமியைக் கூப்பிட்டார்கள். தகரப் பந்தல், கூரை, வேலி எல்லாம் அவர் தொழில். தர்மராஜுக்குச் சின்ன வயசிலிருந்து கூட்டாளி, கோயில் கமிட்டியிலும் ஒன்றாக இருப்பவர். மச்சான் என்று கூப்பிடும் தர்மராஜ் என்றால் அவருக்கு உயிர். ஏறினார், நிதானமாகச் சுற்றிப் பார்த்தார், இறங்கிக் கையைத் துடைத்தார்.

"நடக்க வேண்டிய இடமெல்லாம் நடந்து பாத்துட்டேன் மச்சான். ஆணி எல்லாம் டைட். ஓட்டை இல்ல."

"அப்ப தண்ணி?"

"அதான் எனக்கும் தெரியல."

தெரியாததைத் தெரிந்துகொள்ள நல்லசாமி ஒரு வழி சொன்னார். ரப்பர் குழாயை மேலே கொண்டுபோய்ப் பின்னறைக்கு மேலே தண்ணீரைப் பாய்ச்சினார். லோகேஸ்வரி கொக்கிக்குக் கீழே வாளியோடு காத்திருந்தாள். கூரையில் ஆறு ஓடியது. வாளியில் ஒரு பொட்டு விழவில்லை. அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். அடுத்த மழைக்கு, செம்பனைப் பக்கத்துக் காற்றோடு வந்த மழைக்கு, கொக்கி சொட்டியது. அதற்கடுத்து, காற்றில்லாமல் நேராகக் கொட்டிய பெருமழைக்குச் சொட்டவே இல்லை.

செல்லம்மா வந்து பார்த்துவிட்டு, "பைப்புத் தண்ணிக்கு வரல. பெருமழைக்கும் வரல. அதுக்கா இஷ்டம் வந்தா வருது. ஆத்தா ஏதோ சொல்றா" என்று முடிவு சொல்லிவிட்டுப் போனாள். ஆத்தா சொல்வதென்றால் கொஞ்சம் புரியும்படி சொல்லக்கூடாதா என்று தர்மராஜ் மனசுக்குள் நினைத்து, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை சுகுமாறன் தன் பங்குக்குக் கூட்டாளியின் பறக்கும் கேமராவைக் கொண்டுவந்தான். அது வீட்டுக்கு மேலே வண்டு மாதிரி சுற்றி வந்து படம் பிடித்தது. கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினான். தகரங்கள் எல்லாம் சீவி வாரிய தலை போல வரிசையாகக் கிடந்தன. ஒன்றுகூட விலகவில்லை.

"ரூஃப் ஓகே தான் மாமா. வேற எங்கயோ இருந்து வருது."

"வேற எங்கப்பா இருந்து வரும், தரையிலருந்தா?"

சுகுமாறனும் குழம்பித்தான் போனான். கூரை நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள், கூரை ஒழுகுகிறது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில். தர்மராஜுக்குப் பஸ் ஓட்டும்போதுகூட இதே நினைப்பு. ஒருநாள் லாபு முச்சந்தியில் பச்சை விளக்கு விழுந்தும் நின்றுகொண்டிருந்தார். பின்னால் இருந்த பெண்கள் "அங்கிள், ஜாலான், போங்க!" என்று கத்திய பிறகுதான் வண்டி நகர்ந்தது. தட்டினால் தெரியும் என்று நம்பிய மனுஷனுக்குத் தட்டியும் தெரியவில்லை என்றால் பிறகு எதைத்தான் நம்புவது?

வளைகாப்பு சம்பந்தி வீட்டில் முடிந்தது. வளையல் குலுங்கக் குலுங்க ரதி அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நான் எங்க வர்றது? அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"நம்ம வீட்டுக்குத்தான்."

"அந்தக் கொக்கியில தொட்டில் கட்டலாமா? மரம் தாங்குமா?"

தர்மராஜ் வாயைத் திறந்தார். தாங்கும் என்று சொல்ல முடியவில்லை. தாங்காது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. "பாக்குறேன்மா" என்றார். அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்த லோகேஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு வந்ததும் நல்லசாமியை வரச்சொன்னாள். ஆண்கள் பார்த்த லட்சணம் போதும் என்று அவளே ஒரு வேலை சொன்னாள்.

"நீங்க மேல தட்டிக்கிட்டே வாங்க. நான் கீழருந்து பதிலுக்குத் தட்டுறேன். சமையல்கட்டுலருந்து வாசல் வரைக்கும், ஒரு இடம் விடாம. எங்க சத்தம் மாறுதோ அங்க பிடிச்சிடலாம்."

நல்லசாமி ஏணியைப் பிடித்துக்கொண்டார். தர்மராஜ் ஏறினார். லோகேஸ்வரி துணி காயப்போடும் கம்பைக் கழுவி எடுத்துக்கொண்டாள். வீட்டின் நடுவில்தான் சாமி அறை. அதைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே விளக்குமாற்றுக் கம்பு ஆகாது. சமையலறையில் ஆரம்பித்தார்கள். மேலே டக், கீழே டக். பின்னறை. டக், டக். கொக்கிக்கு மேலே நல்ல சத்தம். சுவரைத் தாண்டிச் சாமி அறைக்குள் நுழைந்து, அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கம்பை உயர்த்திச் சீலிங்கைத் தட்டினாள்.

மேலே பதில் இல்லை.

மறுபடி தட்டினாள். பதில் வந்தது, ஆனால் தலைக்கு மேலிருந்து இல்லை, கூடத்துப் பக்கமிருந்து.

"என்னாங்க! குதிச்சிட்டீங்க!"

"எங்க குதிச்சேன்?"

"நடுவுல! இங்க தட்டவே இல்ல!"

தர்மராஜின் குரல், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையனின் குரல் மாதிரி இறங்கி வந்தது.

"கீழ சாமி இருக்கேம்மா. தலைக்கு மேல எப்படிக் காலை வைக்கிறது?"

லோகேஸ்வரி கம்போடு வெளியே வந்தாள். "முதல் நாளு?"

"முதல் நாளும் சுத்தித்தான் போனேன். அது... காலு தானா போகுது லோகா."

அவள் நல்லசாமியைப் பார்த்தாள். நல்லசாமி ஏணியின் கால்களை ஏதோ புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே. நீங்க?"

"அம்மன் தலைய நான் எப்படி மிதிப்பேன் தங்கச்சி? வீட்டுக்காரர், மச்சான் பாத்திருப்பாருன்னு நெனைச்சேன்."

"நீ தொழில்காரன், நீ பாத்திருப்பேன்னு நான் நெனைச்சேன்!" என்று கூரையிலிருந்து தர்மராஜ் கத்தினார்.

வாஸ்தவத்தில் லோகேஸ்வரி கோபப்பட நியாயம் இல்லை. இவர்களில் யாராவது அம்மன் தலைக்கு மேலே தம் தம்மென்று நடந்திருந்தால், முதலில் கம்பைத் தூக்குபவள் அவள்தான். இந்தத் தோட்டத்தில் பிறந்த எந்தக் காலும் அந்த இடத்தில் படாது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, யாரும் வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதனால்தான் வீடே ஈரமாகிக்கொண்டிருந்தபோதும் எல்லாரும் முழுக்கூரையையும் பார்த்ததாகவே சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, அந்த இடம் அவர்கள் கணக்கில் கூரையே இல்லை.

செம்பனைப் பக்கம் வானம் கறுத்து, ஓலைகள் சலசலக்க ஆரம்பித்தன. ஐயரைக் கேட்கலாம், நாள் பார்க்கலாம் என்றார் நல்லசாமி.

"கோயில் வேலைன்னா சாமிய வேற இடத்துல வச்சிட்டுத்தானே கோபுரத்துல ஏறுவாங்க? கமிட்டியில இருக்கீங்க, இது தெரியாதா?" என்றாள் லோகேஸ்வரி. "நானே வைக்கிறேன்."

எங்கே வைப்பது? கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால் கூடத்துக்கு மேலேயும்தான் இவர்கள் நடப்பார்கள். தர்மராஜ் கூரையிலிருந்து வாசலைப் பார்த்தார். அவர் முழுசாக நம்பும் கூரை இந்த உலகத்தில் ஒன்றுதான். அது வாசலில் நின்றுகொண்டிருந்தது.

"பஸ்ஸுல வை லோகா."

லோகேஸ்வரி விளக்கேற்றி, "தாயே, பிள்ளைக்காகத்தான், கோச்சுக்காதே" என்று அனுமதி கேட்டு, அம்மனை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில், மஞ்சள் துண்டை விரித்து உட்காரவைத்தாள். பக்கத்துச் சீட்டில் முருகன். அதற்குப் பின்னால் பிள்ளையார். செல்லம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாமியெல்லாம் எங்க போகுது, ஃபேக்டரிக்கா?" என்று கேட்டாள்.

தர்மராஜ் அந்த இடத்துக்கு முன்னால் வந்து நின்றார். கீழே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கால் எழவில்லை. கைகூப்பினார். முதலில் சுத்தியை நீட்டித் தட்டினார்.

அது மணிச் சத்தமும் இல்லை, மந்தச் சத்தமும் இல்லை. தகரம் "கலகல"வென்று ஆடியது. ஒரு கையால் விளிம்பைப் பிடித்தார். மூடி போலத் திறந்துகொண்டது. அந்தப் புயல் ஆணிகளை வேரோடு பிடுங்கிவிட்டு, தகரத்தை மட்டும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. வெயிலில் படுத்துக் கிடக்கும். நேர்மழைக்கும் படுத்துக் கிடக்கும். செம்பனைக் காற்று வந்தால் மட்டும் வாயைத் திறக்கும். உள்ளே போன தண்ணீர் கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வீடு இறங்கியிருந்த பின்பக்கமாக ஓடி, முதலில் கண்ட இரும்பில் சொட்டியிருக்கிறது. தண்ணீரும் இந்தத் தோட்டத்துத் தண்ணீர்தானே. அதுவும் அம்மன் தலையில் சொட்ட அஞ்சிச் சுற்றிக்கொண்டு போனது போல.

சட்டத்தில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மரத்தின் மறுமுனையில்தான் கொக்கி. பேரப்பிள்ளையை அதில் போட்டு ஆட்டியிருப்பார்கள். கீழேயிருந்து "என்னாங்க? என்னாச்சு?" என்று கேட்டவளுக்கு, "கெடச்சிருச்சு" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டார்.

மழை வருவதற்குள் நல்லசாமி தார்ப்பாய் போட்டு மூடினார். அடுத்த வாரம் பழுதான சட்டத்தை நீளமாக வெட்டி எடுத்துவிட்டு, சாமி அறைக்கு மேலே புது மரம் இணைத்து, புதுத் தகரம் அடித்தார்கள். சாமிகளைத் திரும்பக் கொண்டுவரும்போது லோகேஸ்வரி நடு அறை வாசலில் நின்றாள். புது மரத்தின் வாசனை அடித்தது.

"இந்த ரூமுலதான் எல்லாம் புதுசு. ரதி இங்க படுக்கட்டும். கொக்கிய இங்க அடிங்க."

"அப்ப சாமி?"

"பின்னறைக்கு."

"அங்க இன்னும் சொட்டுச்சின்னா?"

"சாமிக்குச் சொட்டினா தொடச்சி விட்டு மன்னிப்புக் கேட்டுக்கலாம். சம்பந்தியம்மா மன்னிக்க மாட்டாங்க."

சொல்லும்போது அவள் சிரித்தாள். ஆனால் அம்மன் படத்தைப் பின்னறையில் வைக்கும்போது வெகுநேரம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாய்வீடு இல்லாத பெண்ணுக்கு அந்தக் காலத்தில் இவளைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

ரதி வந்தாள். பெண் குழந்தை. வள்ளியம்மா வந்து, புதுக் கொக்கிக்கு எட்ட நின்றே அண்ணாந்து பார்த்து, இந்தத் தடவை நிஜமாகவே சிரித்துவிட்டுப் போனார்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் தர்மராஜ் மறுபடி ஏணியைச் சாய்த்தார். இனி எந்த இடத்தையும் விடுவதில்லை என்று வைராக்கியம். சமையலறைக்கு மேலே தட்டினார். பின்னறையில் அம்மன், அதைச் சுற்றிக்கொண்டு நடுவுக்கு வந்தார். புதுத் தகரம் பளபளவென்று கிடந்தது. கீழே தொட்டில் ஆடும் கிரீச் சத்தம் கேட்டது. காலைத் தூக்கினார். கால் அந்தரத்தில் நின்றது. பிறகு தானாகவே ஓரமாய்ப் போய், சுற்றிக்கொண்டு, கூடத்துப் பக்கம் இறங்கியது.

அங்கே போய் நின்ற பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் சுத்தியையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லோகா!"

"என்னாங்க?"

"பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் பஸ்ஸுக்குப் போ. சாமியையும் எடுத்துக்க."

உள்ளே ரதி வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. சற்று நேரத்தில் அம்மன் முதல் சீட்டில் மஞ்சள் துண்டின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்துச் சீட்டில் ரதியின் மடியில் குழந்தை. தர்மராஜ் பஸ்ஸைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நடுக்கூரையில் ஏறி நின்று தட்ட ஆரம்பித்தார்.